பூஜ்ஜியம் போட்ட மாலைகள்

1

பினாங்குக்கு வந்து பதினான்கு வருடம் நிறைந்த நாளை என் வீட்டுக்காரர் மறந்துவிட்டார். மகள் மறக்கவில்லை, அவளுக்கு அந்தத் தேதி தெரிந்தால்தானே மறப்பதற்கு! ஞாபகம் வைத்திருந்தது நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் அலுவலகம் மட்டும்தான். என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் அதுவே என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. காலையில் மின்னஞ்சல் வந்தது. ஆகா, வாழ்த்துதான் என்று திறந்தேன். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் வேண்டுமாம், வெற்றுப் பக்கங்கள் உட்பட.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே கூத்து. அலுவலகத்தில் யாத்தி என்று ஒரு மலாய்க்கார அக்கா இருக்கிறார், துறையின் தாள்கள் எல்லாம் அவர் கையில்தான். நேராக அவரிடம் போய், "ஒன்றுமே இல்லாத பக்கத்தை எதற்கு நகல் எடுக்க வேண்டும்?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சண்டை போட்டேன். அவர் நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அதில் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். முப்பத்தாறு பக்கத்தையும் நகல் எடுத்தேன்.

அன்று மதியம் இரண்டாவது மின்னஞ்சல். எங்கள் வானியல் துறையின் இணையதளத்தில் "கற்பிக்கும் ஆசிரியர்களும் அவர்களின் ஆய்வு ஆர்வங்களும்" என்று ஒரு பக்கம் உண்டு. நாலு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் பக்கத்தைப் புதுப்பித்து, ஒவ்வொருவரும் இதுவரை சேர்த்த தரவுகளைச் சுருக்கிப் பின்னிணைப்பாகத் தர வேண்டும். பொறுப்பு: டாக்டர் மங்கையர்க்கரசி. அதாவது நான். ஏன் நான் என்று கேட்டதற்கு, என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதாம். வேலையை நம் தலையில் கட்டுகிறவர்கள் எப்போதும் முதலில் ஒரு பாராட்டைத்தான் வைப்பார்கள்.

2

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் "அங்கே அப்படி என்னதான் வேலை?" என்று கேட்பதுண்டு. என் அண்ணன் ஆம்பூரில் தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருக்கிறான். பதினான்கு வருடமாக அவனுக்கு என் பதில் "நல்ல வேலை, நல்ல இடம், எல்லாரும் சௌக்கியம்" என்பதுதான். எனவே இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னத் தனியார் பல்கலைக்கழகம். அதிலும் சின்னத் துறை. ஆசிரியர்கள் ஐந்து பேர். துறைத் தலைவர் பேராசிரியர் ஓங் பால்வெளித் திரள்களைக் கணினிக்குள்ளேயே உருவாக்கிக் கணினிக்குள்ளேயே மோதவிடுகிறவர். இன்னும் இரண்டு பேர். ஒருவர் வேற்றுக் கோள்களைத் தேடுகிறார், ஒருவர் வானொலி அலைகளைக் கேட்கிறார். சிற்றுண்டிச் சாலையின் மைக்ரோவேவ் அடுப்பு அவருடைய பரம விரோதி. இவர்கள் இருவரும் இந்தக் குறிப்பில் மறுபடி வரமாட்டார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நாலாவது நான். என் பெயருக்குக் கீழே "மாறொளிர் விண்மீன்கள்" என்று இருக்கும். ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்கள்.

வந்த புதிதில், குடிநுழைவு அலுவலகத்தில் மலாய் பேசிக் காட்டுகிற ஆசையில், "நட்சத்திரங்களோடு வேலை செய்கிறேன்" என்பதை ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய காட்டன் புடவை, எண்ணெய் வைத்த தலை. "எந்தப் படத்தில்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

ஐந்தாவது ஆள் காதர் அண்ணன். அப்துல் காதர். ஐம்பத்தேழு வயது. சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் குடும்பம்; அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடைக்குள் போக, இவர் மட்டும் ஆகாயத்தைப் பார்க்கப் போனார். எங்கள் ஐவரில் டாக்டர் பட்டம் இல்லாதவர் இவர் ஒருவர்தான். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். கோள வானியல் பாடம் எடுக்கிறார். அவர் பெயருக்குக் கீழே இரண்டே சொற்கள் இருக்கும்: "பிறை தென்படுதல்."

பிறை பார்த்து மாதத்தை அறிவிக்கிற அரசாங்க ஆட்கள் வேறு. காதர் அண்ணன் அதற்காகப் பார்ப்பதில்லை. இந்த ஊரின் ஈரக் காற்றிலும் புகைமூட்டத்திலும், எவ்வளவு மெல்லிய பிறை வரைக்கும் மனிதக் கண்ணுக்குத் தெரியும், எதற்குக் கீழே தெரியாது, அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது அவர் கேள்வி. அதற்காகச் சந்திர மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, ஒரு மாதம்கூட விடாமல், பாலிக் புலாவைத் தாண்டி மேற்குக் கடற்கரைக்குப் போகிறார். துறையின் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து, சந்திரன் இருக்க வேண்டிய இடத்தைக் கோணக் கணக்காகப் பிடித்து, சூரியன் மறைந்ததிலிருந்து சந்திரன் மறையும்வரை பார்ப்பார். நீல அட்டை நோட்டில் எழுதுவார். பத்தொன்பது வருடம். ஏழு நோட்டுகள்.

3

நான் வந்த முதல் வருடம் ஒரு முறை அவரோடு போனேன். அவர் காடியில்தான். இங்கே காருக்குக் காடி என்றுதான் சொல்கிறார்கள். வழியில் வாழைப்பழப் பஜ்ஜியும், பிளாஸ்டிக் பையில் கட்டிய கறுப்புக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். சேற்றுக் கரை, மீன்பிடிப் படகுகள், கொசு. துளி மேகம் இல்லை. அரை மணி நேரம் மாறி மாறிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். "ரெண்டாவது பார்வையாளர்னு ஒரு கட்டம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

"என்னத்தைப் பார்த்தோம்னு கையெழுத்துப் போடறது?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு அப்போது ஊர் ஞாபகத்தில் எரிச்சல், கொசுக்கடியில் இன்னும் எரிச்சல். அவர் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து, "பரவால்ல லா" என்று நோட்டை மூடிவிட்டார். அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கும் வகுப்பு, பிள்ளை, பாஸ்போர்ட் நகல் என்று ஓடிவிட்டது.

தரவைச் சுருக்குவதில் எனக்குள்ள பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வருவதற்கு முன் ஐந்து வருடம், ஊர்ப்பக்கத்து மலைமேல் இருந்த ஒரு தொலைநோக்கிக் கூடத்தில் வேலை. மழை மாதங்களில் குவிமாடத்தைத் திறக்கவே மாட்டோம். பதிவேட்டில் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய பூஜ்ஜியம். அதை முட்டை என்போம். முட்டை என்றால் மேகம், திறக்கவில்லை, வேலை இல்லை. சமையல்காரர் பதிவேட்டை எட்டிப் பார்த்தே எத்தனை பேருக்குச் சோறு என்று முடிவு செய்வார். மாதக் கடைசியில் முட்டைகளை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தை மேலிடத்துக்கு அனுப்புவோம். ஐந்து வருடம் மாதாமாதம் அந்த வேலையைச் செய்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அப்படித்தான் செய்தேன்.

காதர் அண்ணனின் ஏழு நோட்டுகளையும் யாத்தி அக்கா கணினியில் ஏற்றி வைத்திருந்தார். தேதி, கோணங்கள், வான நிலை, கடைசியில் "முடிவு" என்று ஒரு பத்தி. தெரிந்திருந்தால் ஒன்று. தெரியாவிட்டால் பூஜ்ஜியம். சில இடங்களில் வெறும் கட்டம். பின்னிணைப்புக்கு நேரம் குறைவு, வாசலில் மாணவர்கள் வேறு. பூஜ்ஜிய வரிகளையும் வெற்று வரிகளையும் ஒரே தட்டில் நீக்கினேன். முப்பத்தொன்று மிஞ்சியது. "பதிவுகள்: 31" என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்தவர் தரவுக்குப் போய்விட்டேன்.

4

திங்கட்கிழமை கூட்டம். பின்னிணைப்பின் நகல் எல்லார் கையிலும் இருந்தது. பேராசிரியர் ஓங் கெட்டவர் இல்லை, கறாரானவர். ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். "காதர், பத்தொன்பது வருடத்தில் முப்பத்தொரு பதிவு. வருடத்துக்கு இரண்டுகூட இல்லை. வியாழக்கிழமை வருகிறவர்களிடம் இதை நான் எப்படி ஆய்வு என்று காட்டுவது?"

காதர் அண்ணன் தாளைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை. "உங்கள் இஷ்டம், ப்ரொஃப்" என்றார்.

முடிவு இதுதான்: அடுத்த ஆண்டிலிருந்து அவர் பெயர் ஆசிரியர் பக்கத்தில் இருக்காது, ஆய்வு உதவிப் பணியாளர் பட்டியலுக்குப் போகும். பாடத்தை வேறு யாராவது எடுப்பார்கள். கேட்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பெயரை மாற்றுவது போலத் தோன்றும். ஆனால் எங்கள் துறையில் ஆசிரியர்கள் மட்டும்தான் கருவிகளைக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்துப் போகலாம். கருவியறைச் சாவி அவர்களிடம்தான் இருக்கும். சாவி போனால் தியோடலைட் போயிற்று. தியோடலைட் இல்லாமல் அந்த நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன். "என்னண்ணே, ஒரு வார்த்தை பேசாம வந்துட்டீங்க?"

"என்ன பேசறது மங்கைம்மா. விடுங்க லா." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி, "புதன்கிழமை இருபத்தொன்பது. சாவி இன்னும் என்கிட்டதான இருக்கு, போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

பாவமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிப் புலம்பினேன். என் மகள் ரோகிணிக்குப் பதினேழு வயது. மூன்று வயதில் என் இடுப்பில் வந்தவள், இப்போது என்னைவிட அரை அடி உயரம். சிநேகிதிகளோடு பேசும்போது மலாயும் ஆங்கிலமும் கலந்து அருவி மாதிரி கொட்டும். எனக்கு மட்டும் தமிழை அளந்து தருவாள். போனில் எங்கள் துறைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "மா, உங்க பேருக்குக் கீழ ஸ்டார்ஸ்னு போட்டிருக்கே. கடைசியா எப்போ நீங்களே பார்த்தீங்க?"

"எல்லாம் இப்போ தரவுக் களஞ்சியத்துல இருந்து எடுக்கறதுதான்டி. இந்த மேகத்துல எங்கே பார்க்கறது?"

"அப்போ காதர் மாமா மட்டும்தான் வெளிய போய்ப் பார்க்கறாரு. அவர போய்த் தூக்கறீங்க." தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். திமிர் என்று நினைத்தேன். ஆனாலும் புதன்கிழமை நான் காதர் அண்ணனோடு போவது என்று முடிவு செய்தேன். ஆறுதலாக இருக்குமே என்றுதான்.

5

புதன்கிழமை மாலை. அதே பஜ்ஜிக் கடை, அதே கறுப்புக் காப்பி. பாலிக் புலாவில் டுரியான் காலம், காடிக்குள் கண்ணாடியை ஏற்றினாலும் வாடை நிற்கவில்லை. கரையில் இறங்கியதும் அவர் ஆகாயத்தைப் பார்த்து, "அலாமாக்!" என்றார், மலாய்க்காரர்கள் ஐயோ என்பதற்குச் சொல்வது. எனக்குத் திக்கென்றது. "பாருங்க மங்கைம்மா, ஒரு சிக்கிட்கூட மேகம் இல்ல. வருஷத்துல ஆறேழு தடவை கெடைச்சா பெருசு."

கோணங்களைப் படித்துக் கருவியை நிறுத்தினார். சூரியன் கடலுக்குள் இறங்கியது. சந்திரன் மறைய இன்னும் இருபத்திரண்டு நிமிடம். முறை வைத்துப் பார்த்தோம். நான் பார்க்கும்போது அவர் நேரத்தைச் சொல்வார், அவர் பார்க்கும்போது நான். செம்மஞ்சள் வெளிச்சம் மங்கிச் சாம்பலாயிற்று. சந்திரன் அங்கேதான் இருக்கிறது, அந்த வட்டத்துக்கு நட்டநடுவில், கணக்கில் சந்தேகமே இல்லை. கண்ணில் நீர் கோக்கும்வரை பார்த்தேன். இல்லை. இருபத்திரண்டு நிமிடம் முடிந்தது.

அவர் நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார். முடிவு என்ற கட்டத்தில் ஒரு பூஜ்ஜியம். கையெழுத்துக்காக இந்த முறை நோட்டை என்னிடம் நீட்டவில்லை.

"அடடா, இன்னைக்கும் முட்டையாண்ணே? இவ்வளவு தூரம் வந்து வீணாப் போச்சே" என்றேன். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். "வீணாவா? கோசோங் கெடைக்கறதுக்குத்தான் லா இவ்வளவு பாடு." இங்கே பூஜ்ஜியத்துக்குக் கோசோங் என்பார்கள், உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டிக்கும் அதே பெயர். "கிளியர் ஆகாசம், நேரா குறி வெச்சு, ரெண்டு பேரு பார்த்தும் தெரியல. இத விட நல்ல கோசோங் எங்க கெடைக்கும்?"

அந்த நொடியில் எனக்குள் ஏதோ இடறியது. மெதுவாகக் கேட்டேன். "அப்போ மேகமா இருந்தா என்ன போடுவீங்க?"

"ஒன்னும் போடமாட்டேன். கட்டத்த சும்மா விட்டுடுவேன். பார்க்காம எப்படி கோசோங் போடறது? பொய்யாயிடும்ல."

ஐயோ! எங்கள் மலையில் பூஜ்ஜியம் என்றால் பார்க்கவில்லை. இவர் நோட்டில் பூஜ்ஜியம் என்றால் பார்த்தோம், தெரியவில்லை. தெரிந்த முப்பத்தொரு மாலைகளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எல்லைக்கோடு போட முடியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவை இந்தப் பூஜ்ஜியங்கள்தான். முதல் வருட மாணவன் இப்படிச் செய்திருந்தால் பதிவேட்டை அவன் முகத்தில் எறிந்திருப்பேன். வான நிலை என்று ஒரு பத்தி பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. ஒரு மனிதர் பத்தொன்பது வருடம் கொசுக்கடியில் நின்று சேர்த்ததை ஒரே தட்டில் அழித்துவிட்டு, அவருக்கு ஆறுதல் சொல்ல வேறு வந்திருக்கிறேன்.

"அண்ணே, அந்த முப்பத்தொன்னு... நான்தான் மிச்சத்த எடுத்துட்டேன்."

"தெரியும். தாள்ல பார்த்தேன்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? கூட்டத்துலயே கேட்டிருக்கலாம் இல்ல?"

அவர் தியோடலைட்டைப் பெட்டிக்குள் வைத்து, பூட்டி, மறுபடி திறந்து, மறுபடி பூட்டினார். "நீங்க டாக்டரு. பதினாலு வருஷமா பக்கத்து ரூம்ல இருக்கீங்க. தெரியாம வெட்டியிருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மங்கைம்மா. நான் செஞ்சதுல ஏதோ தப்பு இருக்கும், நல்ல மனசா சொல்லாம வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. அவர் பயந்துபோய், "என்ன இது, சின்னப் புள்ளயாட்டம், இந்தாங்க பஜ்ஜி சாப்புடுங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுகொண்டே அழுதேன்.

6

மறுநாள் விடிந்ததும் மூலக் கோப்பைத் திறந்து எல்லா வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். தெரிந்தவை முப்பத்தொன்று. தெளிந்த வானில் பார்த்தும் தெரியாதவை எண்பத்தாறு. மேகத்தால் பார்க்க முடியாத மாலைகள் நூற்றுச் சொச்சம், அவற்றுக்கும் தேதி இருந்தது. எட்டு மணிக்குப் பேராசிரியர் ஓங் அறை வாசலில் நின்றேன்.

அவர் புதிய தாளைப் பார்த்தார். பழைய தாளைப் பார்த்தார். "பழையது நேற்றே அவர்கள் கைக்குப் போய்விட்டதே" என்றார். "இதை யார் சொல்வது?"

"நான்தான் சொல்ல வேண்டும்."

"உங்கள் பதவி உயர்வு மனுவும் இந்தக் குழுவின் கோப்பில்தான் இருக்கிறது, மங்கை."

அது எனக்குத் தெரியாதா? மூன்று வருடமாகக் காத்திருக்கும் மனு. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், 'தட்டச்சில் நேர்ந்த பிழை' என்று யாத்தி அக்கா தலையில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தோன்றியதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது. யாத்தி அக்கா அப்போது பக்கத்தில் நின்று குழுவுக்குத் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குழுவில் மூன்று பேர். கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மையார் தலைவி. மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பவர். என் முறை வந்ததும் எழுந்து, பூஜ்ஜியங்களை நீக்கியது நான், அதன் அர்த்தம் தெரியாமல் நீக்கினேன், காதர் அவர்களின் தரவில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி முடித்தேன்.

"எத்தனை பூஜ்ஜியம்?" என்றார் தலைவி.

"எண்பத்தாறு."

"மூல நோட்டுகள் இருக்கின்றனவா?"

காதர் அண்ணன் லிட்டில் இந்தியா புடவைக் கடைப் பை ஒன்றிலிருந்து ஏழு நீல நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். அந்த அம்மையார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மற்ற இருவரும் நாற்காலியை நகர்த்தி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கட்டத்தின் மேல் விரல் வைத்து, "இரண்டாவது பார்வையாளர் என்று போட்டிருக்கிறீர்கள். ஏழு நோட்டிலும் இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி?" என்று கேட்டார்.

காதர் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "வருவதற்கு ஆள் கிடைக்கவில்லை, டாக்டர்" என்றார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. பிறைத் தரவு இந்தத் துறையின் மிக நீண்ட, மிக நேர்மையான தொடர் பதிவு என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஆளின் கண்ணை மட்டும் நம்பியிருப்பது அதன் குறை, இரண்டாவது பார்வையாளர் கட்டாயம் வேண்டும் என்றும் இருந்தது. காதர் அண்ணன் ஆசிரியர் பக்கத்திலேயே நீடிப்பார், இந்த முறை இரண்டு வருட ஒப்பந்தம். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: தரவைச் சுருக்கியதில் பெரும் கவனக்குறைவு. பதவி உயர்வு மனு அடுத்த சுற்றுக்குப் போயிற்று.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அண்ணன் ஆம்பூரிலிருந்து கூப்பிட்டான். வழக்கம்போல "நல்லா இருக்கோம்" என்று ஆரம்பித்துவிட்டு, என்ன தோன்றியதோ, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உனக்குக்கூட அங்க இப்படியெல்லாம் ஆகுமா?" என்றான். பிறகு தனக்குச் சர்க்கரை வந்து ஒன்றரை வருடமாகிறது என்று சொன்னான். அதுவரை எனக்குத் தெரியாது. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம்.

7

துறைப் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டேன். என் பெயருக்குக் கீழே "மாறொளிர் விண்மீன்கள் (தரவுக் களஞ்சிய ஆய்வு)" என்று திருத்தினேன். ரோகிணி பார்த்துவிட்டு, "ஓக்கே லா மா, இப்போ கரெக்ட்" என்றாள். அவளிடமிருந்து வந்த பெரிய சான்றிதழ் அது.

அடுத்த இருபத்தொன்பதாம் நாள் நானே போய் அவர் காடியில் ஏறி உட்கார்ந்தேன். பழைய நோட்டுகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கரையில் அடிவானத்தை ஒட்டி ஒரு கோடு மேகம் கிடந்தது. சூரியன் இறங்குவதற்குள் விலகிவிட்டது. பதினெட்டு நிமிடம். இருவரும் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

அவர் எழுதி முடிப்பதற்குள் நான் இரண்டாவது நோட்டைப் பிரித்து, பதினான்கு வருடத்துக்கு முந்தைய அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். தேதி, கோணம், தெளிவு, பூஜ்ஜியம். பக்கத்தில் காலிக் கட்டம். "அண்ணே, இதுல நான் ஒரு கையெழுத்துப் போட்டுடறேன். அன்னைக்கு நானும்தானே பார்த்தேன்."

அவர் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி மூடினார். "கூடாது மங்கைம்மா. அன்னைக்கு நீங்க போடல. போடலன்னுதான் அதுல இருக்கணும். பழசுல கை வெக்கக்கூடாது." முகத்தில் சிரிப்பில்லை. பிறகு ஏழாவது நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார். "இன்னைக்குப் பார்த்ததுக்குப் போடுங்க."

அவர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், தமிழில், என் முழுப் பெயரையும் எழுதினேன். மங்கையர்க்கரசி. கட்டம் போதவில்லை. பாதிப் பெயர் கீழே இறங்கி அடுத்த வரிக்குள் போய்விட்டது.

"அலாமாக், என்ன இது! அது அடுத்த மாசத்துக் கட்டம் லா" என்றார் காதர் அண்ணன்.

"இருக்கட்டும்ணே," என்றேன். "அடுத்த மாசமும் நான்தான்."